கறுப்புப் பெட்டிக்கு அடியில்: மறைத்ததாக நினைத்த எழுத்துகளின் வரலாறு

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரு கறுப்புச் செவ்வகத்தைப் பத்தித்தான். நியூஸ்ல பார்த்திருப்பீங்க. ஏதாவது ஒரு அரசாங்க ஆவணம், நடுநடுவுல வரிகள் மேல கறுப்பா ஒரு பட்டை. இங்கிலீஷ்ல ரெடாக்‌ஷன்னு சொல்றாங்க. நம்ம பத்திரிகைத் தமிழ்ல இதுக்கு ரொம்பப் பக்கத்துல வர்ற ஒரு வார்த்தை இருக்கு: இருட்டடிப்பு. ஆனா அதை ஒரு செய்தியையே வெளியில வரவிடாம அமுக்குறதுக்குத்தான் சொல்லுவோம். இங்க விஷயம் வேற. ஆவணம் வெளியில வரணும், அதுல இருக்குற சில பெயர்கள், சில எண்கள் மட்டும் வரக்கூடாது. நம்ம தகவல் அறியும் உரிமைச் சட்டத்துலயும் 10-வது பிரிவு இதைத்தான் சொல்லுது. கொடுக்கக்கூடாத பகுதியைப் பிரிச்செடுத்துட்டு மீதியைக் கொடுக்கலாம்னு.

பிரிச்செடுக்கணும். அந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. இந்தக் கதையில வர்ற பெரும்பாலானவங்க பிரிச்செடுக்கல, மேல மூடி வச்சாங்க.

2000-ம் வருஷம் ஜூன் மாசத்துக்குப் போவோம். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன்னோட இணையதளத்துல ஒரு சி.ஐ.ஏ. ஆவணத்தை வெளியிடுது. ஈரானில் 1953-ல் பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்த கதை. அந்தச் சதியில் நேரடியாகப் பங்கெடுத்த டொனால்ட் வில்பர் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி, 1954-ல் அலுவலக உபயோகத்துக்காக எழுதி வச்ச உள் வரலாறு அது. வரலாறு படிக்கிறவங்களுக்குப் புதையல். ஆனா ஒரு சிக்கல் இருந்தது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் உதவின ஈரானியர்களோட பெயர்கள் அதுல இருந்தன. அவங்கள்ல பலர் இறந்திருக்கலாம், ஆனா அவங்க பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஈரான்ல வாழ்ந்துட்டிருக்கலாம். 'உங்க தாத்தா சி.ஐ.ஏ. ஆளு' அப்படிங்கிற செய்தி தெஹ்ரான்ல ஒரு குடும்பத்தை என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. பத்திரிகையும் யோசிச்சது. வரலாற்று அறிஞர்கள்கிட்ட கருத்துக் கேட்டாங்க, பழிவாங்கல் நடக்க வாய்ப்பு இருக்குன்னு அவங்க சொன்னாங்க, அந்தப் பெயர்கள் மேல கறுப்புப் பட்டை போட்டாங்க. இதுவரைக்கும் எல்லாமே சரி.

நியூயார்க்கில் ஜான் யங் என்று ஒருவர். கிரிப்டோம் என்ற இணையதளத்தை நடத்தியவர். ரகசிய ஆவணங்களைச் சேகரித்துப் போடுவதுதான் அந்தத் தளத்தின் வேலையே. அவர் அந்த பிடிஎஃப் ஃபைலை ஒரு மெதுவான கம்ப்யூட்டர்ல திறக்குறார். பக்கம் மெல்ல மெல்ல வருது. முதல்ல ஸ்கேன் பண்ண பக்கம் முழுசா, பெயர்களோட வருது. அதுக்கப்புறம்தான் கறுப்புப் பட்டைகள் ஒவ்வொண்ணா வந்து உட்காருது. சரியான நேரத்துல லோடிங்கை நிறுத்தினா போதும், பெயர்கள் அப்படியே திரையில நிக்கும். ஹேக்கிங் கிடையாது, பாஸ்வேர்ட் உடைக்கல. வேகமான மெஷின் வச்சிருந்தா அவருக்கு இது தெரியாமலே போயிருக்கும். அவர் அந்தப் பெயர்களைத் தன்னோட தளத்துல வெளியிட்டுட்டார்.

வெளியிட்டது சரியா தப்பான்னு அப்பவே சண்டை. என் கருத்தைக் கேட்டா, வெளியிட்டிருக்கக்கூடாது. ஓட்டை இருக்குன்னு காட்ட ஒரு பெயர்கூடத் தேவையில்லை, எப்படிப் பார்க்கலாம்னு சொன்னதே போதும். ஆனா அந்த ஓட்டையை வச்சது அவர் இல்லைங்கிறதும் உண்மைதான்.

சரி, இது ஏன் நடந்தது? கொஞ்சம் இன்ஜினியரிங் பேசுவோம், பயப்படாதீங்க.

நம்ம ஊர் சுவர்களைப் பார்த்திருப்பீங்க. ஒரு சினிமா போஸ்டர், அது மேல கட்சி போஸ்டர், அது மேல கண்ணீர் அஞ்சலி. மேல இருக்குறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனா கீழ இருக்குறது எங்கயும் போகல. பிடிஎஃப் கிட்டத்தட்ட அப்படித்தான். நீங்க பார்க்குற பக்கம் ஒரு படம் மாதிரி தெரிஞ்சாலும், ஃபைலுக்குள்ள இருக்குறது வரிசையான கட்டளைகள். 'இந்த இடத்துல இந்த எழுத்துகளைப் போடு. இந்த இடத்துல கோடு போடு. இந்த இடத்துல ஒரு செவ்வகம் வரைஞ்சு அதைக் கறுப்பால நிரப்பு.' திறக்குற மென்பொருள் அதை மேலேர்ந்து கீழ வரைக்கும் வரிசையா வரைஞ்சுட்டே போகும். நீங்க பேர் மேல ஒரு கறுப்புப் பெட்டி போட்டா என்ன ஆகும்? 'எழுத்தைப் போடு'ங்கிற கட்டளை அப்படியே இருக்கும், கடைசியில 'பெட்டி வரை'ங்கிற கட்டளை புதுசா ஒண்ணு சேரும். நீங்க எதையும் குறைக்கல, கூட்டியிருக்கீங்க. மவுஸால அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து காப்பி பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணா, கறுப்புப் பெட்டி வராது, எழுத்து வரும்.

பேப்பர் காலத்துல இந்தப் பிரச்சினை இல்லையான்னு கேப்பீங்க. இருந்தது, ஆனா அதுக்கு ஒரு பழக்கம் வச்சிருந்தாங்க. கறுப்பு மார்க்கரால அடிப்பாங்க, அப்புறம் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுப்பாங்க, ஜெராக்ஸைத்தான் வெளியில கொடுப்பாங்க. ஏன்னா மார்க்கர் அடிச்ச தாளை வெளிச்சத்துல பிடிச்சா கீழ இருக்குற எழுத்து தெரியும். ஜெராக்ஸ்ல தெரியாது. அந்த ரெண்டாவது படிதான் உண்மையில வேலையைச் செய்தது. கம்ப்யூட்டருக்கு மாறினப்போ, எல்லாரும் மார்க்கர் மாதிரி தெரியுற டூலைக் கண்டுபிடிச்சாங்க. ஜெராக்ஸ் என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல.

அடுத்த கதை 2003, லண்டன். இதுல கறுப்புப் பெட்டியே கிடையாது, ஆனா இதை விட்டுட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. இராக் போர் தொடங்குவதற்குச் சுமார் ஒன்றரை மாதம் முன்பு, பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகம் சதாம் உசேன் ஆயுதங்களை எப்படி மறைக்கிறார் என்று ஒரு அறிக்கையை வெளியிட்டது. பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் அந்த அறிக்கையைப் பாராட்டிப் பேசினார். அடுத்த சில நாட்களிலேயே கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் கிளென் ரங்வாலா மூலம் உண்மை வெளியானது. அறிக்கையின் பெரும்பகுதி, கலிஃபோர்னியாவில் இருந்த இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆராய்ச்சி மாணவர் எழுதி, 2002 செப்டம்பரில் ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரையிலிருந்து காப்பி அடிக்கப்பட்டது. எழுத்துப் பிழைகளோட சேர்த்து. காலேஜ்ல அசைன்மென்ட் காப்பி அடிக்கிறவன்கூட பிழையைத் திருத்துவான்.

நமக்கு முக்கியமானது இதுக்கு அப்புறம் நடந்தது. அந்த அறிக்கையை அவங்க இணையதளத்துல வேர்ட் ஃபைலாவே போட்டிருந்தாங்க. அந்தக் காலத்து மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கு ஒரு பழக்கம். ஒரு ஃபைலைக் கடைசியாச் சேமிச்ச 10 தடவைக்கான பயனர் பெயரையும், எந்த ஃபோல்டர்ல சேமிச்சாங்கங்கிற பாதையையும் ஃபைலுக்குள்ளயே எழுதி வச்சுக்கும். திரையில எங்கயும் காட்டாது. ரிச்சர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் அதை வெளியில எடுத்தார். வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர், பிரதமர் அலுவலகத்தின் செய்திப் பிரிவு ஆட்கள், தகவல் தொடர்புத் தலைவர் அலஸ்டர் கேம்ப்பெல்லின் உதவியாளர் என்று கைமாறின வரிசை அப்படியே வந்துச்சு. ஃபைலை ஃப்ளாப்பியில காப்பி எடுத்த தடம்கூட இருந்தது. உளவுத் துறையோட வேலைன்னு ஊர் நம்பிட்டிருந்த அறிக்கை, செய்தித் தொடர்பு ஆட்கள் கையில சுத்தி வந்த ஃபைல்னு அந்த ஃபைலே சொல்லிடுச்சு. 2003 ஜூன் மாதம் நாடாளுமன்றக் குழு முன்னாடி கேம்ப்பெல் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்தது.

இந்தக் கதையைக் கேக்கும்போது எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாத்தான் இருக்கு. ஒரு போருக்கான காரணத்தை எப்படித் தயாரிச்சாங்கன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது நல்லதுதானே? ஆனா அதே ஓட்டை, அடுத்த கதையில வேற ஆட்களைப் போய்த் தொடுது.

2005 மார்ச் 4. பாக்தாத் விமான நிலையத்துக்குப் போற சாலை. கடத்தப்பட்டு விடுவிக்கப்பட்ட இத்தாலியப் பத்திரிகையாளர் ஜூலியானா ஸ்க்ரேனாவைக் கூட்டிட்டுப் போன கார் மேல, அமெரிக்கச் சோதனைச் சாவடியில இருந்த வீரர்கள் சுட்டாங்க. இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிப்பாரி இறந்துட்டார். இத்தாலியே கொந்தளிச்சது. ஏப்ரல் கடைசியில அமெரிக்க ராணுவம் விசாரணை அறிக்கையை பிடிஎஃப்பாக வெளியிட்டது. பக்கம் பக்கமா கறுப்புப் பட்டை. சில மணி நேரத்துல இத்தாலிய வாசகர்கள் அதை காப்பி, பேஸ்ட் பண்ணிட்டாங்க. சாவடியில இருந்த வீரர்களோட பெயர்கள், சோதனைச் சாவடிகள் எப்படி இயங்குதுங்கிற விவரம் எல்லாம் வெளியில. போர் அப்போ நடந்துட்டிருக்கு, அந்தச் சாவடிகள்ல அப்பவும் ஆட்கள் நின்னுட்டிருக்காங்க. அறிக்கையைத் தளத்துலேர்ந்து எடுத்தாங்கதான். ஆனா இத்தாலியப் பத்திரிகைகள் கையில ஏற்கெனவே போயாச்சு.

இந்த இடத்துல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கறுப்புப் பெட்டி போட்ட ஆள் ஒருத்தர், பாதிக்கப்படுற ஆள் வேற ஒருத்தர். ஈரான் கதையிலயும் அதுதான். பெட்டி போடுறவருக்கு அது ஒரு மதியான வேலை. பக்கத்துல காபி இருக்கும், சாயங்காலம் டெட்லைன் இருக்கும். நான் ஒரு சாஃப்ட்வேர் ஆள்ங்கிறதால இதை இன்னும் கொஞ்சம் கடுமையாச் சொல்வேன். பயனரைக் குத்தம் சொல்றது சுலபம். ஆனா திரையில மறைஞ்ச மாதிரி காட்டிட்டு உள்ள வச்சிருக்கிற டூலை எழுதினது எங்க ஆட்கள்தான். வாங்கின பூட்டு பூட்டின மாதிரி தெரிஞ்சும் பூட்டலைன்னா, பூட்டினவரையா திட்டுவீங்க?

கலிப்பாரி அறிக்கை வந்த அதே 2005-ல், டிசம்பர் மாசம், அமெரிக்காவின் என்.எஸ்.ஏ., அதாவது உலகத்தோட ரகசியங்களை எல்லாம் ஒட்டுக் கேக்குற அமைப்பு, ஒரு சின்னக் கையேடு எழுதுச்சு. வேர்ட் ஃபைலை எப்படிச் சுத்தம் பண்ணி பிடிஎஃப் ஆக்குறதுன்னு. படிச்சா சிரிப்பு வரும், அவ்வளவு பொறுமையா, அரிச்சுவடி மாதிரி எழுதியிருப்பாங்க. சாராம்சம் இதுதான்: மூல ஃபைலைத் தொடாதே, நகல் எடு. திருத்தங்களைக் கண்காணிக்கிற வசதியை அணை. ரகசியத்தை மூடாதே, அழி. அழிச்சதுக்கு அப்புறம் மொத்தத்தையும் ஒரு புது வெற்று ஃபைலுக்கு மாத்து, அதிலேர்ந்து பிடிஎஃப் எடு. அந்தக் கடைசிப் படிதான் பழைய ஜெராக்ஸ். 2006-ல வந்த அக்ரோபேட் 8 புரொஃபஷனல்லதான் அடோபி ஒழுங்கான ரெடாக்‌ஷன் டூலைச் சேர்த்துச்சு. பிடிஎஃப் வந்தது 1993-ல. நடுவுல 13 வருஷம்.

டூல் வந்தாச்சே, பிரச்சினை முடிஞ்சதான்னா, இல்ல. 2009 டிசம்பர்ல, அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்குற டி.எஸ்.ஏ.வோட 93 பக்க சோதனைக் கையேடு அரசாங்க டெண்டர் தளத்துல கிடக்குறதை ஒருத்தர் கவனிச்சார். மறைச்ச பகுதிகளை எல்லாம் காப்பி பண்ணலாம். எந்த 12 நாட்டு பாஸ்போர்ட் வச்சிருந்தா கூடுதலா சோதிப்பாங்கங்கிற பட்டியல், சி.ஐ.ஏ. அடையாள அட்டை எப்படி இருக்கும்ங்கிற படம், எல்லாமே. ஊழியர்கள் சிலரை விடுப்புல அனுப்பினாங்க.

இதெல்லாம் செய்தியில வந்த பெரிய ஆட்கள். செய்தியில வராதவங்க எத்தனை பேர்? பிரின்ஸ்டன்ல இருந்த டிமத்தி லீ 2011-ல இதை அளந்து பார்த்தார். அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் 18 லட்சத்தை எடுத்து, கறுப்புச் செவ்வகம் இருக்குற பக்கங்களைத் தேடுறதுக்கு ஒரு நிரல் எழுதினார். அப்படிப் பெட்டி இருந்த ஆவணங்கள் சுமார் 2,000. அதுல 194 ஆவணங்கள்ல பெட்டிக்கு அடியில எழுத்து அப்படியே இருந்தது. கிட்டத்தட்ட பத்துல ஒண்ணு. நிறுவனங்களோட வியாபாரக் கணக்கு மட்டும் இல்லைங்க, சாட்சிகள் பெயர், ஜூரிகள் பெயர், தனி மனிதர்களோட சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் அதுல இருந்தது. ஒரு கிரிமினல் வழக்கில் சாட்சி பெயர் மறைக்கப்படுறது எதுக்குன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கு அப்புறமும், 2019 ஜனவரி 8. டிரம்ப்போட முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துல ஒரு மனு தாக்கல் பண்றாங்க. கறுப்புப் பட்டை, காப்பி, பேஸ்ட். தேர்தல் கருத்துக்கணிப்புத் தரவுகளை அவர் கான்ஸ்டன்டின் கிலிம்னிக்கோட பகிர்ந்துகிட்டார்னு அரசுத் தரப்பு சொல்ற விஷயம் வெளியில வந்துடுச்சு. மறைக்கணும்னு சொன்னதே அவரோட சொந்த வக்கீல்கள்தான். 2000-லேர்ந்து 19 வருஷம், அதே ஓட்டை.

சரி, பெட்டியை ஒழுங்கா எரிச்சுட்டோம், அடியில எழுத்து ஒண்ணுமே இல்லைன்னு வச்சுக்குவோம். அப்பவாவது பாதுகாப்பா? இந்தக் கேள்விக்கு 2004-ல ஒரு அட்டகாசமான பதில் வந்தது. இந்த எபிசோட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஒரு மாசம் முன்னாடி, அதிபர் புஷ்ஷுக்குக் கொடுத்த உளவுக் குறிப்பு ஒண்ணு இருக்கு. பின் லேடன் அமெரிக்காவுக்குள்ள தாக்கத் தீர்மானிச்சிருக்கார்ங்கிற தலைப்போட. 2004 ஏப்ரல்ல அதை வெளியிட்டாங்க, சில வார்த்தைகளை மறைச்சு. இது காகிதத்துல மறைச்சு ஸ்கேன் பண்ணது, அடியில ஒண்ணும் கிடையாது. டேவிட் நக்காஷ் என்ற மறைகுறியியல் நிபுணரும், டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கிளேர் வீலனும் அதுல ஒரு வாக்கியத்தை எடுத்துக்கிட்டாங்க. ஒரு தீவிரவாத அமைப்பு ஆள், இன்ன நாட்டு உளவுத் துறைகிட்ட ஒரு தகவல் சொன்னார்ங்கிற வாக்கியம். அந்த 'இன்ன நாட்டு'ங்கிற வார்த்தை மட்டும் கறுப்பு.

அவங்க என்ன பண்ணாங்க? முதல்ல, ஸ்கேன் லேசா சாய்ஞ்சிருந்ததை நேராக்கினாங்க. அடுத்து, ஆவணம் ஏரியல் எழுத்துருவுல அடிச்சதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஏரியல்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அகலம். நம்ம தமிழ்ல 'ர' எவ்வளவு ஒல்லி, 'ணௌ' எவ்வளவு குண்டு, அது மாதிரி. கறுப்புப் பட்டையோட அகலத்தை அளந்தாங்க. அகராதியில இருக்குற ஒவ்வொரு வார்த்தையையும் அதே எழுத்துருவுல அடிச்சா அந்த அகலத்துக்குள்ள எது பொருந்தும்னு கம்ப்யூட்டரை விட்டுத் தேடினாங்க. 1,530 வார்த்தை. இன்னும் அதிகமா இருக்கே? பட்டைக்கு முன்னாடி இருந்த சின்ன இலக்கணச் சொல்லைப் பார்த்தாங்க. இங்கிலீஷ்ல உயிரொலியில தொடங்குற வார்த்தைக்கு முன்னாடி மட்டும் வர்ற 'ஆன்'. உயிரொலி இல்லாததை எல்லாம் வெட்டினா 346. அப்புறம் பொருள் பார்த்துக் கழிச்சா கையில எண்ணக்கூடிய அளவு. உகாண்டா, உக்ரைன், எகிப்து இப்படி. எகிப்துதான் பொருந்துதுன்னு முடிவுக்கு வந்தாங்க. எந்த ஃபைலையும் உடைக்காம, ஒரு ஸ்கேலும் அகராதியும் வச்சு.

அதாவது, மறைச்ச இடத்தோட நீளமும் ஒரு தகவல்தான். இந்த வழியை அதுக்கு அப்புறம் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிடிஎஃப்ல இன்னும் நுணுக்கமாக்கிட்டாங்க. வார்த்தையை ஒழுங்கா அழிச்சாலும், மீதி எழுத்துகள் எந்த இடத்துல நிக்குதுங்கிறது ஃபைலுக்குள்ள ரொம்பத் துல்லியமா இருக்கும். அதை வச்சே அழிச்ச பேரை ஊகிக்கலாம்னு காட்டினாங்க.

இதே மாதிரி சுத்தி வளைச்சு மாட்டிக்கிட்ட இன்னொரு சம்பவம். 2020-ல கிஸ்லேன் மேக்ஸ்வெல் வழக்குல அவர் முன்பு கொடுத்த வாக்குமூலம் வெளியானப்போ, பெயர்களை எல்லாம் ஒழுங்காத்தான் மறைச்சிருந்தாங்க. ஆனா கடைசியில ஒரு சொல்லடைவு, அகரவரிசையில, எந்த வார்த்தை எந்தப் பக்கம் எந்த வரின்னு. அதுலயும் பெயர்களை மறைச்சாங்க. ஆனா வரிசையில மேல இருக்குற வார்த்தையும் கீழ இருக்குற வார்த்தையும் தெரியுதே! நடுவுல இருக்குற பெயர் எந்த எழுத்துகள்ல தொடங்கணும்னு புதிர் போடுற மாதிரி பத்திரிகையாளர்கள் கண்டுபிடிச்சுட்டாங்க.

கேமர்ஸ் இருக்கீங்களா? உங்களுக்கு ஒண்ணு. 2023 ஜூன், ஆக்டிவிஷன் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குறதை எதிர்த்து சான் ஃபிரான்சிஸ்கோல வழக்கு. சோனி தரப்புல பிளேஸ்டேஷன் தலைவர் ஜிம் ரயன் கொடுத்த ஆவணத்துல வணிக ரகசியங்களை மறைச்சு நீதிமன்றத்துல கொடுத்தாங்க. எப்படி மறைச்சாங்க தெரியுமா? கறுப்பு ஷார்ப்பி பேனா. அடிச்சுட்டு, ஸ்கேன் பண்ணிட்டாங்க. பிரின்டர் மையும் ஷார்ப்பி மையும் ஸ்கேனர் கண்ணுக்கு ஒரே கறுப்பு கிடையாது. உத்துப் பார்த்தா எண்கள் தெரிஞ்சது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-க்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21.2 கோடி டாலர். கேம் கம்பெனிகள் உயிரைக் கொடுத்துக் காப்பாத்துற கணக்கு அது. ஸ்கேன் பண்ணா ஜெராக்ஸ் எடுத்த மாதிரிதானேன்னு நினைச்சிருப்பாங்க போல. ஜெராக்ஸ் மெஷின் எல்லாத்தையும் அட்டைக் கறுப்பா ஆக்கும். இன்னைய ஸ்கேனர் ரொம்ப நல்லவன், கறுப்புல இருக்குற வித்தியாசத்தையும் பத்திரமாப் பிடிச்சுக் கொடுத்துடும்.

இப்ப நம்ம போனுக்கு வருவோம். பேங்க் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போன்ல இருக்குற கறுப்பு மார்க்கர் டூலால கணக்கு எண் மேல தேய்ச்சு வாட்ஸ்ஆப்ல அனுப்புறோம், இல்லையா? பல போன்கள்ல அந்த மார்க்கர், ஹைலைட்டர் மாதிரி பாதி ஒளி ஊடுருவுற வகை. ரெண்டு மூணு தடவை தேய்ச்சா கண்ணுக்குக் கறுப்பு. அதே படத்தை எடுத்து வெளிச்ச அளவை ஏத்தினா எண் எழுந்து வரும். சரி, மங்கலாக்கலாம், மொசைக் போடலாம்னு நினைச்சா அதுவும் ஆபத்து. மொசைக்ங்கிறது கணக்கு. ஒரே எழுத்தை ஒரே மாதிரி மங்கலாக்கினா ஒரே விடைதான் வரும். அதனால ஒவ்வொரு எழுத்தாப் போட்டு, மங்கலாக்கி, உங்க படத்தோட ஒப்பிட்டுப் பார்த்தாப் போதும். பிஷப் ஃபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2022-ல இதுக்கு ஒரு டூலே எழுதி வெளியிட்டது.

ஆதார் கதையும் இங்க வரும். 2022 மே மாசம், ஆதார் ஆணையத்தோட பெங்களூரு அலுவலகம் 'ஆதார் நகலை யார்கிட்டயும் கொடுக்காதீங்க, மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்க'ன்னு ஒரு அறிவிப்பு விட்டுச்சு. நாடே பரபரப்பாச்சு. மக்கள் தப்பாப் புரிஞ்சுக்க வாய்ப்பிருக்குன்னு சொல்லி ரெண்டே நாள்ல மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிடுச்சு. ஆனா மறைக்கப்பட்ட ஆதார்ங்கிற வசதி உண்மைதான், இப்பவும் இருக்கு. ஆணையத்தோட தளத்துலயே டவுன்லோட் பண்ணலாம், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும். முதல் 8 இலக்கத்தை ஏன் அவ்வளவு தாராளமா மறைக்குறாங்க, நடுவுல ஒண்ணை அடிச்சா போதாதான்னா, போதாது. ஆதாரோட 12-வது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். வெர்ஹோஃப்னு ஒரு கணக்கு முறைப்படி மத்த 11-லேர்ந்து அது வரும். நீங்க எந்த ஒரு இலக்கத்தை மட்டும் மறைச்சாலும், மீதியை வச்சு அதைத் திரும்பக் கணக்குப் போட்டுடலாம். ரெண்டை மறைச்சா 10 வாய்ப்புதான்.

அப்ப எப்படித்தான் பண்றது? என்.எஸ்.ஏ. கையேட்டுல சொன்னதேதான். வேர்ட்ல இருந்தா எழுத்தையே அழிச்சு, அந்த இடத்துல 'பெயர் நீக்கப்பட்டது' மாதிரி எல்லாத்துக்கும் ஒரே நீளமா ஒண்ணைப் போடுங்க. அப்ப நக்காஷ் ஸ்கேல் தூக்கிட்டு வந்தாலும் வேலை இல்ல. அப்புறம் புது ஃபைல், அதிலேர்ந்து பிடிஎஃப். பிடிஎஃப்லயே பண்ணணும்னா, ரெடாக்‌ஷன்னே பேர் வச்ச டூலைப் பயன்படுத்துங்க, செவ்வகம் வரையுற டூலை இல்ல. அதுலயும் குறியிடுறது ஒரு படி, அமல்படுத்துறது அடுத்த படி, ரெண்டாவதை மறந்துடாதீங்க. அது இல்லைன்னா, கெட்டியான கறுப்புப் பெட்டி போட்டு, பக்கத்தைப் படமா மாத்தி, அந்தப் படத்திலேர்ந்து திரும்ப பிடிஎஃப் பண்ணுங்க. எழுத்தைத் தேட முடியாம போகும், பரவாயில்லை. ஃபைலோட பண்புகள்ல ஆசிரியர் பெயரைப் பாருங்க. ஃபைல் பெயரையும் பாருங்க. எங்க ஆபீஸ் வட்டாரத்துல ஒரு ஃபைல் சுத்துச்சு, உள்ள ஊழியர் பெயரை எல்லாம் சுத்தமா எடுத்திருந்தாங்க, ஃபைலோட பேர்ல அந்த ஊழியர் பேர் இருந்தது. அனுப்புறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க, மறைச்ச பேரைத் தேடிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. நான் சொன்ன காப்பி பேஸ்ட் சம்பவம் எல்லாத்தையும் இந்த ரெண்டு நிமிஷம் பிடிச்சிருக்கும்.

ஆனா இந்த ரெண்டு நிமிஷத்துலயும் பிடிபடாத ஒண்ணைச் சொல்லிட்டு முடிச்சுக்குறேன். 2023-ல சைமன் ஏரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற ரெண்டு பேர் கூகுள் பிக்சல் போன்ல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேண்டாத பகுதியை கிராப் பண்ணிட்டு, சேமிக்குறீங்க. போன் என்ன பண்ணுச்சுன்னா, வெட்டின சின்னப் படத்தைப் பழைய பெரிய ஃபைல் மேலயே எழுதுச்சு. ஆனா பழைய ஃபைலோட வாலை வெட்டல. புதுப் படம் முடியுற இடத்துக்கு அப்புறம், பழைய படத்தோட மீதி அப்படியே ஒட்டிட்டு இருக்கும். பழைய கேசட்ல புதுப் பாட்டை ரெக்கார்ட் பண்ணா, புதுசு முடிஞ்சதும் பழைய பாட்டோட மிச்சம் ஓடுமே, அதேதான். படத்தைக் காட்டுற ஆப் புதுப் படம் முடிஞ்சதும் நின்னுடும், அதனால யார் கண்ணுக்கும் தெரியல. காரணம், ஆண்ட்ராய்டுல ஃபைலைத் திறக்குற ஒரு கட்டளை, பழசை அழிச்சுட்டு எழுதும்னு நிரலாளர்கள் நினைச்சிருந்தது, அழிக்காம எழுத ஆரம்பிச்சிருந்தது. ஒரே ஒரு எழுத்து கூடச் சேர்த்து எழுதியிருந்தா வந்திருக்காது. எங்க தொழில்ல இந்த மாதிரி ஒரு எழுத்துக்குத்தான் ராத்திரி தூக்கம் போகும்.

விண்டோஸோட ஸ்னிப்பிங் டூல்லயும் இதே வகை ஓட்டை இருந்தது அடுத்த சில நாள்ல தெரிஞ்சது. ரெண்டையும் சரி பண்ணிட்டாங்க. ஆனா சரி பண்ணது இனிமே எடுக்குற படத்துக்கு. அதுக்கு முன்னாடி வெட்டி, அனுப்பி, ஏதேதோ சர்வர்ல உட்கார்ந்திருக்குற படங்களுக்கு எந்த அப்டேட்டும் போகாது. புக்கானன் தன்னோட பழைய டிஸ்கார்ட் சாட்ல போட்ட படங்களை எடுத்து சோதிச்சுப் பார்த்தார். ஒரு தடவை வாங்கின பொருளைக் காட்டுறதுக்காக, ஈபே ஆர்டர் மெயிலை மத்ததை எல்லாம் வெட்டிட்டுப் போட்டிருக்கார். திரும்ப விரிச்சா, முழு வீட்டு விலாசமும் அதுல இருந்தது.

2023 மார்ச்சுக்கு முன்னாடி பிக்சல் போன் வச்சிருந்தவங்க யாராவது கேட்டுட்டிருந்தா, அந்தக் காலத்துல எதையெல்லாம் வெட்டி எங்கெல்லாம் போட்டீங்கன்னு இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. இருந்தா எடுத்துடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.